பூஜையில் வைத்த ஸ்பேனர்

இந்த நேரத்தில் நம் டீச்சர்கள் குரூப்பில் எழுதுவதற்கு மன்னியுங்கள். விடிவதற்குள் சொல்லியாக வேண்டும்.

கௌசல்யா போய்விட்டாள். சாயங்காலம்தான் போன் வந்தது... ஹார்ட் அட்டாக்.

நம்மோடு பள்ளியில் வேலை பார்த்த கௌசல்யா டீச்சர்தான்.

நாளை காலை எடுக்கிறார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொள்ள வேண்டுமாம். அவள் கொழுந்தனார் போனிலேயே சொல்லிவிட்டார்.

நான் நிற்கப்போவதில்லை. சுடுகாடு வரைக்கும் போகிறேன்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆயுத பூஜையைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். டவுனுக்கு வெளியே வேங்கிக்காலில் அப்போது வீடுகளே கம்மி. என் மகள் கைக்குழந்தை. அவள் தும்மினாலே என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது... எம்.ஏ. படித்து என்ன பிரயோசனம்?

அன்று மத்தியானம் அவளுக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் வெளியூர் டியூட்டியில். டவுனுக்குப் போக இருந்தது ஒரே ஒரு மொபெட்.

அது ஸ்டார்ட் ஆகவில்லை.

பூஜைக்காகக் காலையில் மாமியாரும் நானும் அதைப் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தோம். ஒர்க்ஷாப் எல்லாம் மூடியிருந்தது. அன்றைக்கு எந்த மெக்கானிக்கும் ஸ்பேனரைத் தொட மாட்டார்.

இரண்டு வீடு தள்ளியிருந்த கௌசல்யா ஓடிவந்தாள். கார்புரேட்டரில் தண்ணீர் போயிருக்கும், கழற்றிவிடலாம் என்றாள். மெக்கானிக் கழற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் அவள் படிப்பு.

எங்கள் வீட்டு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் சந்தனம் பூசி சாமி படத்துக்கு முன்னால் இருந்தன. மறுநாள் பூஜை முடியாமல் எடுக்கக் கூடாது என்று மாமியார் குறுக்கே நின்றார்.

“பூஜ போட்டதே வேலை செய்யத்தானங்கம்மா. கொழந்த நாளைக்கு வரைக்கும் மூச்சப் புடிச்சிக்கினு இருக்குமா?”

கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. எடுத்துச் சந்தனத்தைப் புடவையில் துடைத்தாள்.

பெட்ரோல் டேப்பை மூடினாள். ட்யூபை உருவினாள். கிளாம்பைத் தளர்த்தி ஆட்டி ஆட்டி இழுத்ததும் கார்புரேட்டர் கையோடு வந்துவிட்டது. மேல்மூடியைத் திருகியபோது உள்ளேயிருந்த ஸ்பிரிங் துள்ளி, படைத்திருந்த பொரித் தட்டில் போய் விழுந்தது.

மூச்சு இழுக்கிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொரிக்குள் ஸ்பிரிங் தேடினேன். கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தது மாமியார்தான்.

அடியிலிருந்த கிண்ணத்தைக் கழற்றினால், பெட்ரோலுக்குக் கீழே முத்து முத்தாகத் தண்ணீர். கொட்டினாள். பெட்ரோல் வருகிற சின்னத் துளை, அந்த ஜெட்டை வாயில் வைத்து ஊதினாள், துப்பினாள், மறுபடி ஊதினாள். எல்லாவற்றையும் மாட்டி, பெடலை மிதி மிதியென்று மிதித்தாள்.

பிடித்துக்கொண்டது.

அவள் ஓட்ட, நான் பின்னால், நடுவில் குழந்தை. ஹேண்டில்பாரில் மாலை அப்படியே. டாக்டர் ஊசி போட்டு, குழந்தையின் மூச்சு சீரான பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பள்ளி திறந்ததும் ஹெட்மாஸ்டர் அவளைக் கிண்டல் செய்தது ஞாபகமிருக்கிறதா? ஒர்க்ஷாப் போர்டு எப்போது மாட்டப்போகிறீர்கள் என்று கேட்டார்.

“ஒங்க ஸ்கூட்டர கொண்டாங்க சார், கழட்டித் தரேன். மாட்றதுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்குங்க.”

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. அவரும்தான்.

அப்படிப்பட்டவளை, அவள் அப்பா இறந்தபோது சுடுகாட்டுக்கு விடாமல் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். “அன்னிக்குத் திரும்பி வந்திருக்கவே கூடாதுடி” என்று எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்...

கொழுந்தனாருக்குத் திருப்பி போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அனுமதி கேட்கவில்லை.

கௌசி, தெருமுனையில் நான் திரும்ப மாட்டேன். போய் வா.

கார் என் மகள் ஓட்டுகிறாள். அன்றைக்கு நடுவில் இருந்தவள்தான். பின்சீட்டில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.

யார் யார் வருகிறீர்கள்? சீக்கிரம் பதில் போடுங்கள்.