உச்சி விளக்கும் ஒரு சிவப்புப் பூட்டும்

என் வீட்டுக்காரர் தினமும் ஒரு பூட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். அவர் வேலை செய்யும் இடத்தில் பூட்டுவதற்குக் கதவு கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் சிவப்புப் பூட்டு. அதில் தொங்கும் அட்டையில் அவர் படம், பெயர், கீழே 'கழற்றாதே' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. டெக்சஸுக்கு வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, திருட்டு பயம் உள்ள ஊர் போலிருக்கிறது என்று இரண்டு நாள் வாசல் கதவை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்கள் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். எனக்குக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

நாங்கள் இருப்பது ஃபிரிஸ்கோவில். அபார்ட்மென்ட்டில் மற்ற எல்லாரும் கம்ப்யூட்டர்காரர்கள். கோயிலில் யாராவது, "அங்கிள் எந்த கம்பெனி ஆன்ட்டி?" என்று கேட்டால், "டவர்" என்பேன். செல்போன் சம்பந்தமான சாஃப்ட்வேர் என்று அவர்களாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவர் டவர் ஏறுகிறவர். டாலஸ் ஊருக்கு நடுவில், கண்ணாடிக் கட்டடங்களுக்கு இடையில், பழைய கல் கட்டடங்கள் சில குறுகி நிற்கின்றன. ஒரு காலத்தில் அவைதான் ஊரிலேயே உயரமாம். அவற்றின் தலையில் இன்னும் இரும்புக் கோபுரமும் ரேடியோ ஆன்டெனாக்களும் இருக்கின்றன. விமானத்துக்கு வழிகாட்டுவதற்காக அந்தக் காலத்தில் வைத்த பெரிய சுழல் விளக்கும் இருக்கிறது. அது இப்போது யாருக்கும் வழிகாட்டுவதில்லை, அழகுக்குச் சுற்றுகிறது. அதற்கும் மேலே, கம்பி முனையில் இருக்கிற சிவப்பு விளக்கு மட்டும் கட்டாயம் எரிய வேண்டும். அதெல்லாம் அணைந்தால் ஏறிப் பார்ப்பதுதான் இவரும், ரே என்கிற அறுபது வயது டெக்சஸ்காரரும் செய்கிற வேலை. லிஃப்ட் நிற்கிற மாடி வரை லிஃப்ட், பிறகு இரும்புப் படி, பிறகு ஏணி, பிறகு வெறும் கம்பி. என் வீட்டுக்காரரின் அக்கா போட்ட மனுவில் பல வருஷம் காத்திருந்து கிரீன் கார்டு வாங்கி வந்தது இந்தக் கம்பியில் தொங்கத்தானா என்று நான் கேட்டதுண்டு. "தெரிஞ்ச தொழில் இதுதானே செல்வி" என்று முடித்துவிடுவார்.

பூட்டு எதற்கு என்று அவர் ஒருநாள் சமையல் மேடையில் வைத்துக் காட்டினார். மேலே போகும் மின்சாரத்தைக் கீழே ஒரு சுவிட்ச்சுப் பெட்டியில் நிறுத்திவிட்டு, நிறுத்திய கைப்பிடியில் ஆளுக்கு ஒரு பூட்டு மாட்ட வேண்டும். சாவி அவரவர் கழுத்துக் கயிற்றில். இரண்டு பேர் ஏறினால் இரண்டு பூட்டு. இரண்டு பேரும் இறங்கி, அவரவர் கையால் திறந்தால்தான் மின்சாரம் போகும். "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பூட்டு போட்டா?" என்று கேட்டேன். "பூட்டுக்காரன் முதல்ல இறங்கி, இன்னொருத்தன் மேல இருக்கறதை மறந்து திறந்துட்டா, அம்புட்டுதான்" என்றார். அவர் அதோடு விட்டுவிட்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

காரணம் இருக்கிறது. விருதுநகர் பக்கம் ஒரு நூல் மில்லில் என் அண்ணன் ஒயர்மேன். அங்கே பூட்டு கிடையாது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுவார்கள், அதுதான் பூட்டு. ஒரு சித்திரை வெயிலில் அண்ணன் சட்டையைக் கழற்றி வைத்திருந்தார். பை இல்லை. கட்டையைப் பெட்டி மேலேயே வைத்துவிட்டு ஏறினார். அந்த வழியாக வந்த ஒருவர், கழன்று கிடக்கிறதே என்று எடுத்துச் செருகினார். நல்ல மனசோடுதான் செருகினார். அண்ணனை ஒரு மரக்கட்டையால் அடித்துக் கம்பியிலிருந்து பிரித்த உதவியாள்தான் பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்டார். அண்ணனுக்கு உயிர் இருந்தது, வலது கையில் விரல் மூன்றுதான் இருந்தது. அடுத்த மாதம் நான் பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டு அதே மில்லுக்கு நூல் சுற்றப் போனேன். அன்றிலிருந்து யார் எந்த சுவிட்ச்சைத் தொட்டாலும் நான் முதலில் மேலே பார்ப்பேன், யாராவது இருக்கிறார்களா என்று.

போன ஆயுத பூஜை இங்கே வேலை நாளில் வந்தது. மில்லில் என்றால் அன்று மொத்த மிஷினும் நின்றுவிடும், மறுநாள் மறுபூஜை முடியாமல் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட மாட்டார்கள். இங்கே யார் நிறுத்தப் போகிறார்கள்? அவராக லீவு போட்டார். காலையிலேயே டெஸ்டர், ஸ்பேனர், இடுப்பு பெல்ட், மகளுடைய பழைய லேப்டாப், கார் சாவி, என் அரிவாள்மனை எல்லாவற்றையும் துடைத்து வைத்துப் பொட்டு வைத்தேன். ஹெல்மெட் பையைத் திறந்து அவர் பூட்டையும் எடுத்தேன். அவர் உயிரைக் காக்கிற சாமான் அது, அதற்கு வைக்காத பொட்டை வேறு எதற்கு வைப்பது? பொரித் தட்டின் நடுவில் அதை உட்கார வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

மத்தியானம் போன் வந்தது. அந்தப் பழைய கட்டடத்து உச்சியில் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது, இன்றே பார்த்தாக வேண்டுமாம். சற்று நேரத்தில் ரே டிரக்கோடு வந்து நின்றார். "பூஜையில இருக்கற எதையும் தொடாத செல்வி, டூல்ஸ், பெல்ட் எல்லாம் ரே வெச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட் பையை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் ரேவுக்கு ஒரு டப்பாவில் சுண்டல் வேறு கொடுத்து அனுப்பினேன்.

அரை மணி கழித்து விளக்கில் எண்ணெய் ஊற்றப் போனேன். பொரித் தட்டில் பூட்டு. அதற்கு வைத்த சாமந்திப்பூ சரிந்து அட்டையில் இருந்த அவர் படத்தின் மேல் விழுந்திருந்தது. சந்தனமும் வழிந்து நெற்றிக்கு நேரே நின்றது. உயிரோடு இருக்கிறவர் படத்துக்குப் பொட்டும் பூவும் எந்த வீட்டில் வைப்பார்கள்? பூவைத் தட்டிவிட்டேன். போன் போட்டேன், எடுக்கவில்லை. மேலே போகும்போது கீழே விழக்கூடிய எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், போன் டிரக்கில் கிடக்கும். பையைத் திறந்து பார்த்து, பூட்டு இல்லை என்று தெரிந்ததும் என்ன செய்வார்? யார் பேச்சையும் தட்டாதவர் அவர். ரே, "பரவாயில்லை, என் பூட்டு இருக்கிறதே" என்று சொல்லியிருந்தால்?

பூஜையிலிருந்த கார் சாவியைக் கும்பிட்டு எடுத்தேன். பூட்டை எவர்சில்வர் டப்பாவில் போட்டேன். மறுபூஜைக்கு முன்னாலேயே இரண்டு சாமானை எடுத்தாயிற்று. நான் கார் ஓட்டுவது கோயிலுக்கும் கடைக்கும் மட்டும்தான். டோல்வே என்கிற, காசு கட்டிப் போகிற வேகச் சாலையில் ஏறியதே இல்லை. பச்சைப் பலகையில் எழுதியிருப்பதை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அது தலைக்கு மேல் போய்விடும். வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, முருகா முருகா என்று போனேன். டவுன்டவுன் தெரிந்ததும் அந்தக் கட்டடத்தைத் தேடினேன். உச்சியில் சிவப்பு விளக்கு எரியவில்லை. அணைந்ததால்தானே கூப்பிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை.

கீழே ஹாலில் செக்யூரிட்டி என் டப்பாவைப் பார்த்துவிட்டு, சாப்பாடு டெலிவரி பின்வாசல் வழியாக என்றார். நான் இல்லை என்று தலையாட்டி டப்பாவைத் திறந்தேன். உள்ளே குங்குமமும் பொரியுமாக ஒரு பூட்டு. அவர் ஒரு அடி பின்னால் போனார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தது. லாக், ஹஸ்பண்ட், மேலே, ப்ளீஸ் என்றேன். மேலே யாரோ அறைக்குள் மாட்டிக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டு அவர் வாக்கிடாக்கியில் பரபரப்பாகப் பேச ஆரம்பித்தார். அப்படி இல்லை என்று விளக்க எனக்கு வார்த்தை இல்லை. யாராவது இறங்கி வந்தால் போதும் என்று நின்றேன்.

லிஃப்ட் திறந்தது. ரே தனியாக வந்தார். அவர் இடுப்பில் அவருடைய பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பூட்டுக்காரர் முதலில் இறங்கிவிட்டார், பூட்டும் அவரோடு இறங்கிவிட்டது. "மை ஹஸ்பண்ட்?" என்றேன். "மேலே" என்று விரலை உயர்த்தினார் ரே. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பயந்துபோய் குனிந்து, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். இன்னும் யாரும் கம்பியில் ஏறவில்லை. பையில் பூட்டு இல்லை, பூஜையில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு முரு சுவிட்ச்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். இவரை முரு என்றுதான் அவர் கூப்பிடுவார். "அஞ்சு நிமிஷ வேலை, என் பூட்டிலேயே ஏறுன்னு சொன்னேன். எத்தனையோ வருஷத்துல முதல் தடவையா என்கிட்ட முடியாதுன்னான்." ஆபீஸில் வேறு பூட்டு வாங்கி வரத்தான் கிளம்பினாராம், அதற்குள் ஆள் மாட்டிக்கொண்டதாகத் தகவல் வந்ததாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடி வந்து நான் கொண்டுவந்திருப்பது அவரை மேலே ஏற்றுகிற சாமான். இந்த டப்பாவை முந்தானைக்குள் மறைத்தால் இன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரமாவது அவர் கம்பியில் ஏறாமல் இருப்பார். ஒரு நிமிஷம், மறைத்தும் விட்டேன். பிறகு அவரும் லிஃப்டில் இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"யாரு கூட வந்தே?"

"தனியாத்தான்."

"டோல்வேலயா?"

தலையாட்டினேன். டப்பாவை நீட்டினேன். பூட்டை எடுத்துப் பார்த்தவர், "மறுபூஜை முடியாம எடுத்துட்டியே" என்றார்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க பொட்டைத் துடைக்காதீங்க."

அவர் சாவிக்கயிற்றைக் கழுத்தோடு இழுத்து எனக்குக் காட்டிவிட்டு, ரேவோடு மேலே போனார்.

எதிர்ச் சாரி நடைபாதையில் நின்றேன். அவ்வளவு உயரத்தில் ஆள் தெரியாது. ஆன்டெனாவில் ஒரு புள்ளி அசைந்தால் அவரா, பறவையா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. போகிறவர்கள் நான் எதைப் பார்க்கிறேன் என்று அவர்களும் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் நகர்ந்தார்கள். வெயில் சாய்ந்தது. பிறகு அந்த உச்சியில் சிவப்பு விளக்கு பொட்டு வைத்தது போல எரிய ஆரம்பித்தது. அதற்குக் கீழே சுழல் விளக்கும் மெல்லத் திரும்பியது. இரண்டு பூட்டும் திறந்தால்தானே அது எரியும். அவர் கையால் திறந்தால்தானே.

அன்றிலிருந்து சாயங்காலம் கடைக்குப் போகும் வழியில் எந்த உயரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் எனக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும். ஊருக்கு அது விமானத்துக்கான விளக்கு. எனக்கு, யாரோ ஒருத்தர் கீழே வந்துவிட்டார் என்கிற சேதி. எரியாமல் இருந்தால் காரை ஓரங்கட்டிவிடுகிறேன். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பல்ப்" என்கிறாள் மகள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு எந்த மொழியும் போதவில்லை.

மறுநாள் காலை மறுபூஜைக்குப் பூட்டைத் திரும்பவும் பொரித் தட்டில் வைத்தேன். அது இருந்த குழி அப்படியே இருந்தது. பொட்டு பாதிதான் மிச்சம், மீதி அந்தக் கட்டடத்து மேல்மாடியில், சுவிட்ச்சுப் பெட்டியின் கைப்பிடியில் ஒட்டியிருக்கிறது என்றார். துடைக்க வேண்டாம் என்று ரே சொல்லிவிட்டாராம். பூட்டின் வளைவில் அந்தப் பெட்டியின் துரு ஒட்டி வந்திருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. கற்பூரம் காட்டும்போது அந்தத் துருவுக்கும் சேர்த்துத்தான் காட்டினேன்.