பாறைக்கு வாங்கிய இரண்டாவது ஒத்தைச் சக்கரம்

அன்று கல் பள்ளத்தில் இருந்தவர்கள்:

ரூபன். விழாக்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர். எனக்கு வேலை வருவது இவர் வழியாக.

துரைப்பாண்டி. அந்த இடத்துக்கு முதலாளி.

காதர் பாய். கோரிப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார்.

அழகர். கிரேன் ஓட்டுகிறவர்.

ஐந்தாவது நான், பாண்டியம்மா. வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வருடம் சர்க்கஸில் ஒத்தைச் சக்கர சைக்கிள் ஓட்டினேன். இப்போது மதுரையில் பள்ளிக்கூட ஆண்டு விழா, கடைத் திறப்பு, கல்யாண வரவேற்பு என்று ஓட்டுகிறேன்.

நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நாலாவது கல்லில் விழுந்தேன்.

புதிதாகப் பழகுகிறவர்கள் போனில் கேட்கிறார்கள். ஒன்று ஓட்டப் பழகிவிட்டோம், கரடுமுரடான இடத்தில் ஓட்டவும் குதிக்கவும் இரண்டாவதாக எதை வாங்கலாம் என்று. போனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது. அதனால் எழுதுகிறேன்.

1. என்ன வேலை

மேலூருக்குப் பக்கத்தில் கல் வெட்டி முடித்த ஒரு பள்ளம். துரைப்பாண்டி அதைச் சுற்றி வேலி போட்டு, கயிற்றுப் பாலம், பாறை ஏறுவது என்று டிக்கெட் போட்டு ஆட்களை விடத் தயார் செய்துகொண்டிருந்தார். சனி, ஞாயிறு ஒரு ஷோ வேண்டும் என்று ரூபனிடம் கேட்டிருக்கிறார்.

ரூபன் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, வாரா வாரம் நிரந்தர வேலை. ஒரு நாளைக்கு ரெண்டு ஷோ. கேட்ல இருந்து ஜல்லித் தரையில முந்நூறு அடி ஓட்டி வரணும். அப்பறம் பதினோரு கல்லு போட்டுருக்காங்க. ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குக் குதிக்கணும்."

"கல்லு எம்புட்டு உயரம்?"

"கணுக்கால்ல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் வரும். உங்களால முடியலைன்னா சொல்லிருங்க. பெங்களூர்ல ரெண்டு பசங்க இருக்காய்ங்க. மலை ஏறுற சைக்கிள் வச்சுருக்காய்ங்க. முதலாளி அவய்ங்களையும் கேட்டு வச்சுருக்காரு."

அந்த வருடம் பள்ளிக்கூடங்கள் என்னைக் கூப்பிடுவது குறைந்திருந்தது. வயது தெரிகிறது போல. இந்த வேலை போனால் வேறு வேலை தேட வேண்டும். எனக்கு வேறு வேலை தெரியாது.

"முடியும்" என்றேன்.

என்னிடம் இருந்தது சர்க்கஸ் சைக்கிள். இருபது அங்குலம், ஒல்லி டயர், இரும்புக் கம்பி. பெடல் மாட்டுகிற கம்பியான கிராங்கை அச்சோடு பிடிப்பது ஒரு சின்ன ஆப்பு. மேடைக்கு அது ராஜா. ஜல்லியில் டயர் புதையும். கல்லில் இருந்து இறங்கிக் குதித்தால் ஆப்பு நசுங்கும். ஆகவே இரண்டாவது வேண்டும்.

2. எந்த அளவு

காதர் பாய் கடையில் உட்கார்ந்து அவர் போனில் பார்த்தோம். மூன்று அளவு வந்தது. மூன்றுக்கும் தடித்த டயர்.

இருபது. சின்னச் சக்கரம், எடை குறைவு. தூக்கிக் குதிக்க இதுதான் சுகம். இருபத்து நாலு. உருளும், குதிக்கவும் செய்யும். இருபத்தாறு. மலைப் பாதையில் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு.

ரூபன் இருபத்தாறு என்றார். "தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும்ல அக்கா."

"நான் தெரிவேன். ஏற முடியுமா?" என்றேன். என் உயரம் அஞ்சடி.

காதர் பாய் இருபது என்றார். "பதினோரு கல்லுதானே தங்கச்சி பெரிய விசயம். குதிக்கிறதுக்கு உள்ளத வாங்கு."

அதில் நியாயம் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன்.

இருபது அங்குலச் சக்கரத்தில் ஒரு சுற்று மிதித்தால் அஞ்சடிதான் போகும். சங்கிலி கிடையாது, கியர் கிடையாது. முந்நூறு அடிக்கு அறுபது சுற்று. அதுவும் ஜல்லியில். அதை முடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றால் ஷோ செத்துவிடும். நிற்காமல் கல்லில் ஏற வேண்டும். வாரத்துக்கு நாலு தடவை. என் இடது முட்டி அதைத் தாங்காது.

இருபத்து நாலு என்றால் ஐம்பது சுற்றுக்குள் முடியும். பெரிய சக்கரம், தடித்த டயர். ஜல்லியில் புதையாமல் மேலே ஏறிப் போகும். ஆனால் கனம். குதிக்கிற உயரத்திலும் தூரத்திலும் கொஞ்சம் குறையும்.

எந்த இடத்தில் நான் ஜெயிப்பேன் என்று பார்க்கவில்லை. எந்த இடத்தில் உடைவேன் என்று பார்த்தேன். இருபத்து நாலு என்று முடிவு செய்தேன்.

காதர் பாய், "கல்லுல கஷ்டப்படுவ" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

3. டயரைப் பார்

திருப்பரங்குன்றத்தில் ஒரு கம்ப்யூட்டர் வேலைக்காரர் இருபத்து நாலு விற்பதாக காதர் பாய் கண்டுபிடித்தார். மாடி வீடு. சைக்கிள் பால்கனியில் நின்றது. சீட்டில் இரண்டு துண்டு காய்ந்தது.

"நாலு நாள் ஓட்டுனேன்க்கா. அஞ்சாம் நாள் கீழ விழுந்து கைய ஒடச்சுக்கிட்டேன். வீட்ல, ஒண்ணு நீ இருக்கணும் இல்ல அது இருக்கணும்னுட்டா."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "ரெண்டும் இன்னும் இங்கதேன் இருக்கு!" என்றது.

பழைய ஒத்தைச் சக்கரம் வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்க்காதீர்கள். டயரைப் பாருங்கள். சங்கிலி இல்லாததால் கிராங்கும் சக்கரமும் சேர்ந்தே சுற்றும். அதனால் ஓட்டுகிறவர் எப்போதும் ஒரே இடத்தில்தான் நின்று ஆடுவார், திரும்புவார், குதிப்பார். டயரில் அந்த ஓர் இடம் மட்டும் வழுக்கையாகும். வழுக்கை ஆழமாக இருந்தால் அச்சும் அடி வாங்கியிருக்கும். இந்த டயரைச் சுற்றிப் பார்த்தேன். வழுக்கை இல்லை. நாலு நாள் என்று அவர் சொன்னது உண்மை.

அடுத்து அச்சு. பழையதில் இருக்கிற ஆப்பு இதில் இல்லை. அச்சில் பல் வெட்டி, கிராங்கைச் சொருகி போல்ட் போட்டிருந்தது. குதிப்பதற்கு இந்த மாதிரிதான் வேண்டும். கிராங்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். சத்தம் இல்லை. சீட்டுக்கு முன்னால் கைப்பிடி உறுதியாக இருந்தது. குதிக்கும்போது அதைப் பிடித்துத்தான் சைக்கிளைத் தூக்க வேண்டும். பெடலில் முள் இருந்தது. ஈரத்தில் கால் வழுக்காது. காலைக் கிழிக்கவும் செய்யும்.

வாங்கிவிட்டேன். சீட் கம்பி எனக்கு நீளம். காதர் பாய் மூன்று விரல்கடை அறுத்துக் கொடுத்தார். முழுசாகப் பிரித்து, அச்சில் உருளும் பால்ஸ் குண்டுகளுக்குக் கிரீஸ் வைத்து, முடுக்கித் தந்தார். டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்திருந்தார். நான் கட்டைவிரல் அழுந்துகிற வரை இறக்கினேன். மேடைக்குக் கல் மாதிரி வேண்டும். பாறைக்கு மெத்து மெத்தென்று வேண்டும். இல்லாவிட்டால் பந்து மாதிரி தூக்கிப் போடும்.

ஐந்து வாரம் ஆற்றங்கரையில் பழகினேன்.

4. நாலாவது கல்

சோதனை ஓட்டம் ஒரு வியாழக்கிழமை. புதன்கிழமையே சைக்கிளை மேலூருக்கு எடுத்துப் போய், பள்ளத்தில் இருந்த ஷெட்டில் வைத்தேன். வைத்ததும் சக்கரத்தைக் கிராங்கோடு கழற்றித் திருப்பிப் போட்டேன். இடதில் இருந்தது வலதுக்கு.

ஏன் என்றால், சர்க்கஸில் அது வழக்கம். கூடாரம் பிரித்து அடுத்த ஊர் போனதும் முதல் வேலை சக்கரத்தைத் திருப்பிப் போடுவது. அப்படிச் செய்தால் டயரில் வழுக்கை ஒரே இடத்தில் விழாது. பத்தொன்பது வருடம் செய்தது. யோசித்துச் செய்வதில்லை. கையே செய்யும்.

வியாழக்கிழமை காலை ஜல்லியில் நாலு தடவை போய் வந்தேன். கீழே ஏதோ டிக் டிக் என்றது. ஜல்லி தட்டுகிறது என்று விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். துரைப்பாண்டி குடை பிடித்து நின்றார். அழகர் கிரேனில் உட்கார்ந்து பார்த்தார். கல்லை எல்லாம் அவர்தான் அடுக்கியது.

"அக்கா, கல்லு ஆடாது. அதுக்கு நான் கேரண்டி. நீங்க ஆடுனா நான் பொறுப்பில்ல" என்றார்.

ஜல்லி சுலபமாக முடிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கல்லில் இறங்கும்போது இடது கால் காற்றில் போனது. பெடல் தனியாகக் கழன்று கீழே விழுந்தது. நான் அதன் மேல் விழுந்தேன். முழங்கையில் தோல் போனது.

எனக்குக் கோபம் வந்தது.

"பாய், பெடல முடுக்குனீங்களா இல்லையா?"

"முடுக்குனேன் தங்கச்சி."

"முடுக்குனது எப்பிடிக் கழலும்? இம்புட்டு வருசம் கடை வச்சு என்ன பிரயோசனம்?"

அவர் பெடலை எடுத்துப் பார்த்தார். கிராங்கில் பெடலைத் திருகுகிற மரையைப் பார்த்தார். பிறகு துரைப்பாண்டியிடம் போய், "மொதலாளி, என் வேலையில தப்பு. ஒரு மணி நேரம் குடுங்க. மரைய சுத்தம் பண்ணி மாட்டிருவேன்" என்றார்.

"ஒரு மணி நேரந்தான் பாய். எனக்கு மதியம் வேற சோலி இருக்கு. பெங்களூர்ப் பசங்களுக்கும் பதில் சொல்லணும்."

காதர் பாய் சைக்கிளை ஷெட்டுக்குள் தள்ளிப்போனார். நானும் போனேன். கிராங்கின் உள்பக்கம் துணியால் துடைத்துக் காட்டினார். எல் என்று ஓர் எழுத்து. இங்கிலீஷில் இடது என்பதற்கு அந்த எழுத்து. அது வலது பக்கம் இருந்தது.

"நான் மாட்டும்போது இது எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றார் மெதுவாக.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெடலில் இடதுக்கு ஒரு மரை, வலதுக்கு எதிர் மரை. சரியான பக்கம் இருந்தால் ஓட்டும்போது கழலாது. பக்கம் மாறிப்போனால் ஓட்ட ஓட்டக் கழன்றுகொண்டே வரும். சர்க்கஸில் பெடலை கிராங்கோடு வெல்டிங் வைத்திருப்போம். அதனால் அங்கே எந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான். இது வெல்டிங் இல்லாத பெடல். டிக் டிக் என்றது ஜல்லி இல்லை.

"தெரிஞ்சும் ஏன் பாய் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"என் கடை கோரிப்பாளையத்துல இருக்கு. இவரு சொல்லி அது மூடப்போறதில்ல. ஒன் வேலை இங்கதானே இருக்கு. முடுக்குற சாவிய எடு."

அவர் மரையைச் சுத்தம் செய்தார். பெடல் கழன்ற கிராங்கில் இரண்டு சுற்று மரை நசுங்கியிருந்தது. மீதி பிடித்தது. சக்கரத்தை மறுபடி சரியான பக்கத்துக்குத் திருப்பிப் போட்டது நான். எழுத்தைப் பார்த்துப் போட்டேன்.

வெளியே வந்து துரைப்பாண்டியிடம் போனேன்.

"தப்பு பாயோடது இல்ல. சக்கரத்த மாத்திப் போட்டது நான்."

ரூபன் தலையில் கை வைத்தார். துரைப்பாண்டி குடையை மடக்கினார்.

"அப்ப இதத் தெரியாமத்தான் ஓட்டுனீகளா?"

"ஆமா. இப்பத் தெரியும்."

"ஓட்டுங்க பாப்போம்."

5. பத்தாவது கல்

மறுபடியும் கேட்டில் இருந்து வந்தேன். சத்தம் இல்லை. நாலாவது கல் தாண்டியது. ஆறாவதில் இருந்து கல் உயர்ந்தது. எட்டாவதில் மூச்சு வாங்கியது. ஒன்பதாவதில் ஏறி, நின்ற இடத்திலேயே சின்னச் சின்னதாகக் குதித்தபடி அடுத்ததைப் பார்த்தேன்.

பத்தாவது கல் முட்டி உயரம். இடைவெளி மூன்றடிக்கு மேல். இருபது அங்குலச் சக்கரமாக இருந்தால் போயிருப்பேன். இதிலும் ஒரு தடவை போகலாம். அன்றைக்குப் போயிருக்கவும் செய்யலாம். ஆனால் சனி இரண்டு, ஞாயிறு இரண்டு. அடுத்த சனி மறுபடியும். மழை பெய்து கல் ஈரமாக இருக்கும். முட்டி வலிக்கிற நாள் வரும்.

இறங்கிவிட்டேன். விழவில்லை. காலை ஊன்றி, சீட்டைப் பிடித்து, இரண்டு காலில் இறங்கினேன்.

ரூபன் ஓடிவந்தார். "இன்னும் ரெண்டுதானக்கா! ஏன் எறங்குனீங்க?"

நான் துரைப்பாண்டியைப் பார்த்துச் சொன்னேன். "இந்தக் கல்லு வரைக்கும் எல்லா ஷோவுலயும் செய்வேன். அந்த ரெண்டும் ஒரு நாள் செய்வேன், ஒரு நாள் விழுவேன். டிக்கெட் வாங்கி வாரவங்க முன்னாடி விழுந்தா உங்களுக்கும் நல்லதில்ல."

அவர் மடக்கிய குடையால் பத்தாவது கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"பெங்களூர்ப் பசங்க பதினொண்ணும் போவோம்னு சொல்றாய்ங்க."

"போவாய்ங்க. வாரா வாரம் வருவாய்ங்களான்னு கேட்டுக்கங்க."

அழகர் கிரேனில் இருந்து கத்தினார். "மொதலாளி, அக்காவ மாத்துறதவிட கல்ல மாத்துறது ஈஸி. எனக்கு அஞ்சு நிமிச வேலை."

துரைப்பாண்டிக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கக் குடையை விரித்தார். "சனிக்கெழம வந்துருங்கம்மா" என்றார்.

வருகிற வழியில் வேனில் காதர் பாயிடம், "கடையப் பத்திப் பேசுனதுக்கு மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

"அடுத்த ஊருக்குப் போனா சக்கரத்தத் தொடாத. அது போதும்" என்றார்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு தடவை செய்ய முடிவது வித்தை. ஒவ்வொரு வாரமும் செய்ய முடிவதுதான் வேலை. இரண்டாவது சைக்கிளை வேலைக்குத் தகுந்த மாதிரி வாங்குங்கள். வாங்கியதும் எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பழைய சைக்கிளில் படித்த பழக்கத்தைப் புதியதில் ஏற்றும் முன்னால் ஒரு தடவை யோசியுங்கள்.

அழகர் இரண்டு கல்லைத் தூக்கி வேலி ஓரம் போட்டார். இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வரிசையில் இருக்கிற கல்:

ஒன்பது.