ஜப்பானுக்குப் பிரேக் பிடித்த கதை

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் ஜப்பான். ஜப்பானை உலக வரைபடத்தில் காட்டச் சொன்னால்கூட அவர் விரல் கடலில்தான் போய் நிற்கும். ஆனால் எங்கள் சமையலறைக் கதவைத் திறந்தால் எதிரே, தகரக் கூரைக்குக் கீழே, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கும். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, எங்கள் மகளைவிட வயதில் மூத்தது. பழைய இரும்புக் கிடங்கிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தார். அன்றிலிருந்து அவர் ஜப்பான், நான் ஜப்பான் சம்சாரம். எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்பது தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை.

அவருக்கு வேலை கண்ணாடிக் கடையில். ஜன்னலுக்கும் படச் சட்டத்துக்கும் கண்ணாடி வெட்டுகிறவர். மேசைமேல் கண்ணாடியைப் படுக்கவைத்து, வைர முனை வைத்த பேனா மாதிரி ஒன்றால் ஒரே கோடு இழுப்பார். பிறகு கீழிருந்து லேசாக ஒரு தட்டு. பிஸ்கட் போல இரண்டாகும். அந்தக் கை இருக்கும் திமிரில்தான் காரையும் தானே சரிசெய்வேன் என்று இறங்கினார். 'ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க' என்று நானும் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"மெக்கானிக் செஞ்சா அது மெக்கானிக் வண்டி. நம்ம வண்டியா?" என்பார்.

நம்ம வண்டியாம்! அதன் கார்பரேட்டரைக் கழற்றி என் பாத்திரத்தில் போட்டு வேகவைத்த மனுஷன் இவர். அழுக்கு நன்றாகப் போகுமாம். அதற்குப் பிறகு அந்தப் பாத்திரத்தில் போட்ட டீயை எல்லாம் பெட்ரோல் பங்கில் நின்று குடிப்பது போலக் குடித்தோம். இருந்ததைச் சரிசெய்தால் போதாதா? போதாது. பழைய இக்னிஷனைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தார். முன் சக்கரங்களுக்குப் புதுமாடல் வண்டியின் டிஸ்க் பிரேக் மாட்டினார். ஒன்றை மாற்றினால் அதற்குப் பக்கத்தில் இருப்பது பொருந்தாது, அதை மாற்றினால் அடுத்தது இடிக்கும். யானை வாங்கியவனுக்கு அங்குசத்தோடு செலவு முடிகிறதா என்ன? வருஷங்கள் போயின. மகள் படித்து முடித்தாள், வேலை கிடைத்து வேறு ஊர் போனாள். கார் ஸ்டாண்டைவிட்டு இறங்கவில்லை.

நான் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். திட்டிக்கொண்டேதான் டார்ச்சும் பிடித்தேன்.

ஒருநாள் கடையில் அவர் இழுத்த கோடு வளைந்தது. 'கண்ணாடி மட்டம்' என்றார். அடுத்த வாரம் இன்னொன்று வளைந்தது. பிறகு வீட்டில் அவர் பிடித்திருந்த தட்டில் டீ டம்ளர் படபடவென்று அடித்துக்கொண்டபோது, மட்டம் கண்ணாடியில் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடை முதலாளி நல்லவர், வேலையைவிட்டு அனுப்பவில்லை. வெட்டிய கண்ணாடிக்குக் காகிதம் சுற்றும் இடத்தில் உட்காரவைத்தார். இவர் வெட்டாத கண்ணாடிக்கு இவர் காகிதம் சுற்றினார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கையை நீட்டச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், அறைக்குள் நடக்கவைத்துப் பார்த்தார். இது மூளையிலிருந்து வரும் நடுக்கம், மருந்து கொஞ்ச நாள் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான் என்றார். பிறகு கேட்டார், "கார் ஓட்டுவீங்களா?"

"இன்னும் இல்ல டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர், "ஓட்டணும்னு ஆசை இருந்தா இப்பவே ஓட்டிடுங்க. அடுத்த தடவை வரும்போது வேணாம்னு நானே சொல்ல வேண்டியிருக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் இவர் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. "பிரேக் மட்டும்தான் பாக்கி" என்றார். ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. அவர் கையால் ஓட்ட வேண்டும், பக்கத்து இருக்கையில் நான் உட்கார வேண்டும், தெருமுனை தாண்டி மெயின் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வர வேண்டும். இத்தனை வருஷமும் கேட்டது அது ஒன்றைத்தான். அன்றைக்கு முதல்முறையாக அந்தக் கார் ஓடவேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

பிரேக்குக்குக் காற்று எடுப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. குழாயில் எண்ணெயோடு காற்றும் இருந்தால் பிரேக் பிடிக்காதாம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறப்பார். காற்று குமிழி குமிழியாக வெளியே வரும். அவர் அதை மூடிவிட்டு "விடு" என்ற பிறகுதான் நான் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்துவிட்டால் வெளிக்காற்றை அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், செய்த வேலை வீண்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"விடு."

இப்படியே மூன்று சக்கரம் முடிந்துவிட்டது. நல்ல ஜோடி என்று எங்களை யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒப்புக்கொண்டிருப்பேன். கடைசியாகப் பின்சக்கரம் ஒன்று. மிதித்துப் பிடித்திருக்கிறேன், அவர் திருகைத் திறந்திருக்கிறார். என் போன் அடிக்கிறது.

"ஏங்க, பொண்ணு கூப்பிடுறா!"

"விடு!"

விட்டேன்.

சக்கரத்துக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். "அய்யய்யோ! போனை விடுன்னேன்! காலை இல்ல!"

"விடுன்னா எதைன்னு சொல்ல வேணாமா? இவ்வளவு நேரமும் அந்த ஒரு வார்த்தையைத்தானே சொல்லிட்டிருந்தீங்க!"

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறுபடி மிதித்திருப்போம். காற்று உள்ளே போய்விடப் போகிறதே என்று அவர் பதறிப்போய்த் திருகை இறுக்கினார். ஏற்கெனவே நடுங்குகிற கை, அதில் பதற்றம் வேறு. டக்கென்று ஒரு சத்தம். நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது திருகின் தலை ஸ்பானரோடு அவர் கையில் இருந்தது, மீதி அந்தச் சக்கரத்தின் பிரேக் சிலிண்டருக்குள்ளேயே நின்றுவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. நானும் அவரைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த அளவு சிலிண்டர் இங்கே எங்கும் இல்லை. கடல் தாண்டி ஒருவனிடம் இருந்தது, கப்பலில் வரும் என்றான். வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. இங்கே அவர் சட்டைப் பித்தானை நான் போட ஆரம்பித்தேன். பிறகு சாப்பாட்டைக் கரண்டியில் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். மகள் போனில், "அதை வித்துடுங்கம்மா, அப்பா அதைப் பார்த்துப் பார்த்தே நொந்து போறாரு" என்றாள். விற்றுவிட்டால் அவர் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்? தினமும் காலையில் நாற்காலியைத் தூக்கிப்போய் காருக்கு முன்னால் போட்டேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்? நடுக்கத்தை வாங்கி என் கையில் வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொண்டிருப்பேன்.

பார்சல் வந்தபோது அதை அவரால் பிரிக்க முடியவில்லை. நான் பிரித்தேன். பிறகு நானே அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் படுத்தேன். அவர் நாற்காலியிலிருந்து சொல்லச் சொல்லக் கழற்றினேன், மாட்டினேன். என் தலைமுடியெல்லாம் பிரேக் ஆயில். காற்று எடுக்கும்போது மிதித்தது அவர். கால் துள்ளியது, தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். 'விடு' என்ற வார்த்தையை வீட்டைவிட்டே ஒதுக்கிவிட்டு, "காலை எடுங்க" என்று முழுசாகச் சொன்னேன். ஒரு குமிழிகூட இல்லாமல் எண்ணெய் வந்தது. எதிர்வீட்டு பஸ் டிரைவர் வந்து ஸ்டாண்டுகளை எடுக்க உதவினார்.

டாக்டரிடம் போகவேண்டிய நாளைத் தள்ளிப்போட்டோம். தப்புத்தான். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரே!

ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் வண்டி குறைவாக இருக்கும் நேரம். கார் உறுமியபோது ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் கியர் விழுந்தது. இரண்டாவது விழவில்லை, கை கியரைத் தாண்டித் தாண்டிப் போனது. "பரவால்ல, இதுலயே போவோம்" என்றார். எஞ்சின் கத்தக் கத்த, நடக்கிற வேகத்தில், தெருமுனை வரை வந்தோம். வேர்த்துக் கொட்டிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மெயின் ரோட்டில் ஒரு லாரி குறுக்கே வந்தது. பிரேக் போட்டார். கார் அப்படியே நின்றது.

நின்றது நின்றதுதான். கிளட்சில் வைத்த கால் துள்ள, எஞ்சின் அணைந்தது. மறுபடி போட்டார், அணைந்தது. மறுபடி. பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். அவர் சாவியிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"பிரேக் நல்லாப் பிடிக்குது, பார்த்தியா?" என்றார்.

இறங்கிப் போய் ஹாரன் அடித்தவனிடம், "அடிக்கிற கையால வந்து தள்ளேன்பா!" என்று கத்தினேன். பாவம், அவன் வந்தான். பஸ் டிரைவரும் தெருவிலிருந்து ஓடிவந்தார். டிரைவர் ஜன்னல் வழியாகக் கையைவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஓட்டுகிறவன் இருக்கையில், யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, கைகளை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நானும் பின்னால் தள்ளப் போனேன். அவர் தலையைத் திருப்பிக் கூப்பிட்டார்.

"நீ ஏன் தள்ளுற? வந்து உட்காரேன். நீ உட்காரத்தானே இவ்வளவும்."

ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வண்டியைத் திருப்பி வீட்டை நோக்கி எங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் அழுதேன், மறைக்கவில்லை. அவர் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உன் பக்கத்துக் கண்ணாடியை ஏத்திக்கோ. காத்து முகத்துல அடிக்கும்."

ஏற்றிக்கொண்டேன்.