ஹைட்ரேன்ஜியாவுக்குப் பெருநாள் தெரியாது

பூக்கன்று வியாபாரத்தில் வெயிலையும் உப்புக் காற்றையும் எப்படியாவது சமாளித்துவிடலாம்; வாடிக்கையாளர் கையிலிருக்கும் கத்தரியைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. சாய்ந்தமருதில் கடை வைத்த நாளிலிருந்து நான் படும் இந்தப் பாட்டை, கன்று வளர்க்கும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

முழங்கால் மட்டம்

நபீலா ராத்தா பக்கத்துத் தெரு ஆசிரியை, எனக்கு அக்கா முறை. நுவரெலியாவின் மலைக்குளிரில் கொத்துக்கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேன்ஜியாவைக் கண்டு ஆசைப்பட்டு, என்னிடம் ஒரு கன்று வாங்கினார். ரமழான் நோன்பின் கடைசிக் கிழமை, பெருநாளுக்கு முந்திய ஏழு நாளில், எங்கள் ஊரில் வீட்டைச் சுற்றிய வளவைத் துப்புரவாக்காதவர் கிடையாது. செவ்வரத்தையை, செம்பருத்தி என்பார்களே அதை, வெட்டிய கையோடு ராத்தா இதையும் முழங்கால் மட்டத்துக்கு வெட்டிவிட்டார்.

செவ்வரத்தையை எத்தனை தரம் வெட்டினாலும் புதுக் கிளையில் பூக்கும். ஹைட்ரேன்ஜியா அப்படியல்ல, போன வருஷத்துத் தண்டின் நுனியில்தான் அதன் மொட்டு இருக்கும். மாரி முடிந்து அந்த மொட்டு எழும்பும் நேரத்தில்தான் இப்போதெல்லாம் பெருநாளும் வருகிறது. இரண்டு வருஷம் இப்படியே வெட்டு விழுந்தது. நான் போய் ஏசினேன். ராத்தா அசரவில்லை. "பெருநாளைக்கு வளவு காடு பத்தையாக் கிடந்தா வாற சனம் என்னைத்தான் கதைக்கும், பூவையா கதைக்கும்?"

கெடு

மூன்றாம் வருஷம் அவர் கணவர் கெடு வைத்தார். அவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். வருகிற பெருநாளுக்குள் பூக்காவிட்டால் செடியைப் பிடுங்கிவிட்டு வளவு முழுக்க இன்டலொக் சிமெந்துக் கல் பதிப்பாராம். ஊரில் ஒவ்வொரு வளவாகக் கல்லாகிக்கொண்டு வருகிறது. இப்படியே போனால் நான் யாருக்குக் கன்று விற்பது? எனக்கு ரோசம் வந்துவிட்டது.

மாரி தொடங்கியதும் செடியைக் காலை வெயில் மட்டும் படும் பக்கம் மாற்றி நட்டேன். அடியில் வைக்கோல் பரப்பினேன். பட்ட தண்டுகளை மட்டும் அடியோடு எடுத்தேன். ராத்தாவின் கத்தரியை வாங்கிக்கொண்டுபோய் என் கடையில் வைத்துப் பூட்டினேன். மச்சான் பார்த்துக்கொண்டே நின்றார். "பூக்கண்டுதானே வித்த, புள்ள? காவலும் நீதானா?"

நகக் கீறல்

நோன்புக்கு ஒரு மாதம் இருக்கையில் செடியில் இலை இல்லை, வெறும் நான்கு தடிகள். கல் பதிக்க அளவெடுக்க வந்த மேசன் அதைப் பிடுங்கக் குனிந்தார். நான் குறுக்கே நின்று, ஒரு தடியை நகத்தால் கீறிக் காட்டினேன். பட்டைக்குக் கீழே பச்சை. பெருநாள் வரை அதில் கை வைக்க விடமாட்டேன் என்று கறாராகச் சொன்னேன். மனிதர் நல்லவர், அளவு நாடாவைச் சுருட்டினார். "தடிக்காகச் சண்டை பிடிக்கிற ஆள இண்டைக்குத்தான் காண்றன்."

பூத்த பிறகு

பெருநாளைக்கு நான்கு நாள் இருக்க, ஒரு கொத்துப் பூத்தது. ஒன்றே ஒன்று, சிரட்டை அளவு, வெளிறிய ரோசா நிறம். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. மச்சான் செடியைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுத்தான் கல் பதித்தார்.

சில கிழமைகளில் பூ வாடிப் பழுப்பானது. ஹைட்ரேன்ஜியாவை வெட்டவேண்டிய நேரம் அதுதான்: வாடிய கொத்தின் கீழே, முதல் சோடித் தடித்த மொட்டுக்குச் சற்று மேலே. அப்போது வெட்டிவிட்டால் அடுத்த பூ வரும்வரை தொடக்கூடாது. கத்தரியோடு போனேன். ராத்தா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு செடிக்கு முன்னால் நின்றார். "வெட்டாத வெட்டாத எண்டு என்ட உயிர எடுத்திட்டு, இப்ப நீயே வெட்ட வந்திரிக்கியா? அங்கால தள்ளிப் போ கா."

வெட்டுகிறவரை வெட்டவேண்டாம் என்று மறித்தும், பிறகு அவரிடமே வெட்டவிடும்படி கெஞ்சியும் கழிவதுதான் இந்தப் பிழைப்பு.