இரட்டைக் குழலும் ஒரு மீசையும்

போன வாரம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். பயப்படாதீர்கள்... வாங்குவதற்கு அல்ல.

திருவொற்றியூரில் எங்கள் பக்கத்துத் தெரு தேவகிதான் துணைக்குக் கூப்பிட்டாள். அவளுடைய அப்பா இருபது வருஷம் ஒரு பாங்கில் கன்மேன். சொந்தமாக லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால்தான் அந்த வேலை. அவரிடம் இருந்தது — இங்கிலாந்தில் செய்த பழைய இரட்டைக் குழல். ஒரு துரையிடம் சமையல்காரராக இருந்த தன் அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தது.

அதைக் கான்வாஸ் உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பஸ் ஏறினால், "இன்னா நைனா, அதுக்கு ஆஃப் டிக்கெட்டா?" என்பார் கண்டக்டர்.

போன வருஷம் அவர் போய்விட்டார். சட்டப்படி துப்பாக்கியை மவுன்ட் ரோடு கடையில் ஒப்படைத்தார்கள். இப்போது கடையிலிருந்து கடிதம்: விற்கிறீர்களா, லைசென்ஸைப் பெயர் மாற்றுகிறீர்களா?

"அத்தோட வெல இன்னான்னு தெரியணும் சார்" என்றாள் தேவகி.

"பணத் தேவையா?"

"அத்தெல்லாம் இல்ல. எங்க நைனாவுக்கு மொத புள்ள அதான், நான் ரெண்டாவது. ஞாயித்துக்கெயம ஆனா அதுக்கு எண்ண போட்டுத் தொடச்சுகினு இருப்பாரு. என் தலைக்கு ஒரு நாள் எண்ண வெச்சதில்ல. அப்டி இன்னா ஒசத்தி அதுல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால், எவ்வளவு நாளாக உள்ளே கிடந்த கேள்வி அது?

தேவகி, அவள் அம்மா சரசு, நான் — மூவரும் போனோம். கடைக்காரர் பெரியவர், பாய். குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பளிங்கு மாதிரி வெச்சிருக்காரு" என்று மெச்சினார். டம்மி தோட்டா போட்டு விசையை இழுத்தார். வெளியே எடுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார்.

"ஊசி இல்லியேம்மா. தோட்டாவத் தட்டுற ஊசி. ரெண்டு பக்கமும் கயட்டிக் கீது. இது வெடிக்காது."

தேவகி அம்மாவைப் பார்த்தாள். சரசம்மா முந்தானையைச் சரிசெய்தபடி மெதுவாகச் சொன்னார்:

"நீ தவய ஆரம்பிச்ச சமயம். ஒரே ரூமு. கட்டிலுக்கடில பூந்து அத்த இஸ்துகினு வந்துட்ட. அன்னிக்கே ஊசியக் கயட்டி முகத்துவாரத்துல வீசிட்டாரு. வேல பூடும், வாயத் தொறக்காதன்னாரு."

"எம்மா... பாங்க்ல திருடன் வந்திருந்தா?"

"நானும் கேட்டேன். மீச இருக்குதுல்லன்னாரு."

பாய்தான் முதலில் சிரித்தார். தேவகி சிரிக்கவில்லை. துப்பாக்கிக் கட்டையில், அப்பாவின் கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். வெடிக்காத துப்பாக்கியை ஞாயிறுதோறும் துடைத்திருக்கிறார் மனுஷன். அது வேலை செய்யும் என்று ஊர் நம்ப வேண்டாமா?

"ஊசி செஞ்சு போட்டா நல்ல வெல போவும். எவ்ளோன்னு சொல்லட்டா?" என்றார் பாய்.

"வேணாம் பாய். நீங்களே பாத்து வித்துடுங்க. அந்த உறைய மட்டும் குடுங்க."

வரும்போது பஸ்ஸில் காலி உறையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ராயபுரம் தாண்டும்போது அம்மாவின் தோளில் தலை சாய்த்தாள்.

உங்களிடம் ஒன்று சொல்லவில்லையே... அந்த பாங்க் லாக்கரில்தான் என் மனைவியின் நகையும் இருந்தது. இருபது வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன் — ஒரு மீசையை நம்பி.