பெரிய காசும் சேவல் காசும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கூடுதலான இரண்டும் காலமாகிவிட்ட என் தம்பியின் பிள்ளைகள். ஐந்து பேரும் இன்று அவரவர் உழைப்பில் சாப்பிடுகிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எழுத்தில் இதை எழுதுகிறேன். நாளொன்றுக்கு ஒரு பக்கம், கை வலித்தால் அரைப் பக்கம். எனக்கு எதிலும் அவசரம் இருந்ததில்லை.

எழுத வந்தது பிட்காயின் என்கிற காசைப் பற்றி. அதை எதிர்த்து நிற்க வேறு ஒரு காசுக்குத் தெம்பு உண்டா என்பதைப் பற்றி. கழுத்தில் டை கட்டிய ஆட்கள் டிவியில் பேசுகிற விஷயம் ஆயிற்றே, இதில் இவளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அவர்கள் அடுத்தவர் பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் என் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

சங்ககிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, என் அப்பா எனக்கென்று எழுதிவைத்த நிலம் கொஞ்சம் இருந்தது. சோளம்கூட மனது வைத்தால்தான் முளைக்கும் கல்லுக்காடு. லாரி நிறுத்த இடம் தேடி வந்த ஒருவர் அதை நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டார். அந்தப் பணம் என் பெயரில் பாங்கில் கிடந்தது. என் வெற்றிலை, என் மாத்திரை, என் பஸ் செலவு, பேத்திக்கு வளையல் எல்லாம் அதன் வட்டியில்தான். வீட்டுக்காரர் போன பிறகு நான் யாரிடமும் ஒரு ரூபாய்க்குக் கை நீட்டியதில்லை. என் மருமகள்கள் இருவரும் தங்கமானவர்கள். அப்படி இருப்பதற்கு அந்தப் பாங்குப் பணமும் கொஞ்சம் உதவி செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மகள் ஆத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். இந்தக் கதையில் அவள் இல்லை. இருப்பது மகன்கள் இரண்டு பேர். பெரியவனுக்குச் சங்ககிரியில் இரண்டு லாரி ஓடுகிறது. சின்னவனுக்குப் பள்ளிபாளையத்தில் பத்து விசைத்தறி. ஞாயிற்றுக்கிழமை இருவரும் என்னைப் பார்க்க வருவார்கள். முன்பெல்லாம் டீசல் விலை, நூல் விலை பேசுவார்கள். ஒரு ஞாயிறு வந்ததும் பிட்காயின் பேச ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை.

"பாங்க்ல தூங்கிட்டுக் கெடந்து என்னங்கம்மா ஆகப்போகுது? பிட்காயின்ல போட்டுட்டு மறந்துருங்க" என்றான் பெரியவன்.

"அண்ணன் சொல்றது பழைய வண்டிங்கம்மா. ஒரு லோடு எறக்கறதுக்குப் பத்து நிமிசம் நிக்கும். நம்ம காசு கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துரும்" என்றான் சின்னவன். நம்ம காசு என்று அவன் சொன்னது புதிதாக வந்த ஒன்று. அதன் படத்தில் கொண்டை வைத்த சேவல் ஒன்று நின்றது.

"வாங்கறதுக்கு ஆளில்லாத ஊருக்கு வேகமாப் போயி என்னடா பண்ணுவ?"

"ஆளு வருவாங்க அண்ணா. எல்லாப் பெரிசும் ஒரு நாளைக்கு எறங்கும். நம்மூர்ல அந்தக் காலத்துல கொடி கட்டின லாரி ஆபீசெல்லாம் இப்ப எங்கீங்க?"

"மொதல்ல வந்தது மொதல்ல வந்ததுதான்டா. இதைச் சாய்க்கறேன்னு வந்த காசெல்லாம் எங்க இருக்குதுன்னு ஒரு லிஸ்ட்டு போட்டுக் காட்டு, பாக்கலாம்."

நான் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டேன். "அந்தப் பெரிய காசு யாருதுடா?"

"யாருதும் இல்லீங்கம்மா. அதுதான் அதுல விசேசமே."

"அப்ப ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யாரு ஊட்டு வாசல்ல போயி நிக்கறது?"

பெரியவன் தண்ணீர்ச் செம்பை எடுத்தான். சின்னவனுக்குச் சந்தோஷம். அவன் பக்கம் திரும்பினேன். "சேவல் முட்டை போடாதுன்னாவது உனக்குத் தெரியுமா சாமி?"

"அது படந்தாங்கம்மா" என்றான்.

ஒரு நாள் சின்னவன் கைப்பேசியில் இரண்டு காசுகளின் ஏற்ற இறக்கத்தையும் கோடு கோடாகக் காட்டினான். எழுத்து எனக்குத் தடுமாறினாலும் கோடு தடுமாறாது. வெகுநேரம் பார்த்தேன். பெரியது ஏறினால் சேவலும் ஏறுகிறது. பெரியது இறங்கினால் சேவல் இன்னும் வேகமாக இறங்குகிறது.

"இதுல போட்டி எங்கடா இருக்குது? ஆட்டுக்குப் பின்னால குட்டி ஓடறாப்பல இருக்குது" என்றேன். இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அவர்கள் ஒன்றாகச் சிரித்தே பல வாரம் ஆகியிருந்ததால் நானும் விட்டுவிட்டேன். பிறகு டிவியில் டை கட்டிய ஒருவர் இதே சங்கதியை அரை மணி நேரம் சொன்னார். அவருக்குச் சம்பளம் கொடுத்திருப்பார்கள்.

பணத்தைத் தரமாட்டேன் என்று அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பெரியவன், "உடுடா தம்பி, அம்மாவுக்குப் பயம்" என்றுவிட்டான்.

"பயமா, எனக்கா?" என்றேன். "கெணறு வெட்டறப்ப ஆம்பளைங்க அத்தன பேரும் தள்ளி நின்னாங்க. வெடிக்குத் திரி பத்தவெச்சது நாந்தான். போடறேன் போ. எதுலங்கறத நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க."

சொல்லி வாயை மூடும்போதே தெரிந்துவிட்டது. சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. இருந்திருந்தால் எல்லோரும் இன்னும் கொஞ்சம் வசதியாக இருந்திருப்போம்.

மூன்று மாதம் ஆகியும் அவர்கள் பேசி முடிக்கவில்லை. பேச்சு முற்றி, ஒருவன் காலையிலும் ஒருவன் மாலையிலும் வர ஆரம்பித்தார்கள். இதை முடித்துவைக்க எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. சாமியிடம் பூக்கேட்பது.

எங்கள் பக்கம் பெண் கொடுக்கவும் கிணறு வெட்டவும் பூக்கேட்காமல் ஆரம்பிப்பதில்லை. வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், சிவப்பு அரளி ஒரு பொட்டலத்தில். இரண்டையும் ஒரே அளவாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் கட்டுவது வீட்டில் மூத்த பெண்ணின் வேலை. எங்கள் வீட்டில் மூத்தவள் நான்.

"பணத்தைப் போடலாமா வேண்டாமான்னு சாமி சொல்லட்டும்" என்றேன். மகன்கள் தலையாட்டினார்கள். சாமியே வேண்டாம் என்றால் நான் பயந்தவள் ஆகமாட்டேன், பணமும் பாங்கிலேயே இருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் குளித்துவிட்டு இரண்டு நிறத்திலும் அரளி பறித்தேன். வெள்ளையை வீட்டில் இருந்த சாமி படத்துக்கு வைத்தேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்து மடித்தேன். அம்மன் என்ன சொல்ல நினைத்திருப்பாளோ அதைத்தான் செய்தேன் என்று அப்போது நம்பினேன். இப்போதும் அதில் பாதியாவது நம்புகிறேன்.

கோயிலில் பொட்டலங்களைப் பூசாரியிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக் காலடியில் வைத்துவிட்டுக் கேட்டார். "என்னன்னு கேக்கறதுங்க?"

நான் தொண்டையைச் செருமுவதற்குள் சின்னவன் முந்திக்கொண்டான். "வெள்ளை வந்தா அண்ணன் சொல்ற காசு. செவப்பு வந்தா நா சொல்ற காசுங்க."

"ஏஞ்சாமி, அப்படியா பேசுனோம்?" என்றேன்.

"போடறேன்னு நீங்க எப்பவோ சொல்லிட்டீங்களேம்மா. எதுலங்கறதுதான பாக்கி?" என்றான். பெரியவனும் சரி என்றான். வெள்ளை தன் பக்கம் வந்துவிட்ட திருப்தி அவன் முகத்தில் தெரிந்தது.

"வெச்சது வெச்சதுதானுங்க, இனித் திருப்பி எடுக்கக் கூடாது. புள்ளைய வரச்சொல்லுங்க" என்றார் பூசாரி.

சின்னவனின் மகள் வந்தாள். அப்போது ஆறாம் வகுப்பு படித்தாள். கண்ணை இறுக மூடி, இரண்டு பொட்டலத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, வெகுநேரம் யோசித்து ஒன்றை எடுத்தாள். அவ்வளவு யோசனைக்கு அங்கே வேலையே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சிவப்பு.

சின்னவன் அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டான். பெரியவன் மிச்சம் இருந்த பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "அதையும் பிரிச்சுப் பாத்தறலாங்களா?" என்று பூசாரியைக் கேட்டான். பூசாரி என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில்தான் என் பணம் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்தால் இரண்டும் சிவப்பு என்று தெரியும். கேள்வி செல்லாது, பணம் பாங்கை விட்டு நகராது. அப்பா கொடுத்த நிலத்துக்கும் நான் சாகும்வரை கை நீட்டாமல் இருப்பதற்கும் இடையில் ஒரு காகித மடிப்புதான். ஆனால் சாமி முன்னாலேயே பொய்ப் பொட்டலம் கட்டியவள் என்று ஊர் பேசும். மருமகள்கள் பேசமாட்டார்கள், பேசாமல் இருப்பார்கள், அது அதைவிட மோசம்.

நான் குனிந்து பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "சாமி ஒருக்கா சொன்னாப் பத்தாதா? சந்தேகப்பட்டுட்டு மறுக்கா கேப்பாங்களாக்கும்?" என்று பெரியவனை எல்லோர் எதிரிலும் திட்டினேன். அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை என் பணம் சேவல் காசு ஆயிற்று. ஒரு மாதம் அது நன்றாகக் கூவியது. சின்னவன் தினமும் போன் செய்து விலை சொல்வான். "பெரிசுக்குப் போட்டி வந்துருச்சுங்கம்மா" என்பான். பிறகு ஒரு வாரம் பெரிய காசு இறங்கியது. கூடவே சேவல் இறங்கியது. பெரியது திரும்பி ஏறியபோது சேவலைக் காணோம். கைப்பேசியில் அந்தக் காசுக்கென்று இருந்த செயலியைத் திறந்தால் வெள்ளைத் திரை மட்டும் வந்தது. அதைத் தொடங்கிய ஆட்கள் எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. ஆக, பெரிய காசுக்கு எங்கள் வீட்டிலிருந்து போன போட்டி இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. அது நடந்தது பெரிய காசுக்குத் தெரிந்திருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு வருமானம் கூடியது. மாதம் பிறந்ததும் சின்னவன் வாழைப்பழத்தோடு ஒரு கவர் கொண்டுவருவான். "உங்க வட்டிக் காசுங்கம்மா. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்." மூன்றாம் நாள் பெரியவன் வருவான். "கோயில்ல நா தலையாட்டாம இருந்திருக்கணும். தம்பிகிட்டச் சொல்லிறாதீங்க" என்று அவனும் ஒரு கவர் வைப்பான். பாங்கு கொடுத்ததைவிட இது அதிகம். கவர்களைப் பிரிக்காமல் வைத்திருந்தேன் என்று எழுத ஆசைதான். பிரித்தேன். மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. கை நீட்டவில்லையே, அவர்களாகக் கொடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். இப்படி இரண்டு வருடம் போனது.

போன மாதம் சின்னவன் வீட்டு விசேஷத்துக்குப் பள்ளிபாளையம் போனேன். தறிக்கூடத்துச் சத்தம் வழக்கத்தைவிட லேசாகக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எட்டுத் தறிதான் இருந்தது.

"நூல் வெலை கட்டுபடியாகலீங்கத்தை" என்றாள் மருமகள்.

பேத்தி என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். இப்போது எட்டாம் வகுப்பு. வழியில் பூக்காரம்மாள் கூடையை நீட்டி, எந்தச் சரம் வேண்டும், எடுத்துக்கொள் என்றாள். பேத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எடு சாமி" என்றேன்.

"நீங்களே எடுங்க ஆயா. எங்கையில எடுத்தா வெளங்காது. நாந்தானுங்களே அன்னிக்குச் செவப்ப எடுத்தது. உங்களுக்கு மாசாமாசம் குடுக்கத்தான் அப்பா ரெண்டு தறிய வித்துட்டாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு, நா சொல்லிட்டேன்."

இரண்டு பொட்டலமும் சிவப்புதான் என்று நடுவீதியில் நின்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். சங்ககிரியில் இறங்கி ஒரு நோட்டும் பேனாவும் வாங்கினேன். வாயால் முடியாதது கையால் முடிகிறதா என்று பார்க்கத்தான்.

பிட்காயினுக்குப் போட்டி உண்டா என்று கேட்டால், நான் பார்த்தவரை இல்லை. இன்னொரு காசு வந்து அதைச் சாய்க்கும் என்று யாராவது சொன்னால் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக அதில் போடுங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். அது ஜெயித்தாலும் தோற்றாலும் என் பணத்துக்கு எதிரி வெளியே இருக்கவில்லை. பணம் போகும் என்று தெரிந்தே பொட்டலத்தை இடுப்பில் செருகினவள் நான். சின்னவன் மேல் தப்பில்லை, பெரியவன் மேல் தப்பில்லை, அம்மன் மேலும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து எனக்குக் கவர் வேண்டாம். வேண்டுமென்றால் நானே கேட்கிறேன். கேட்கப் பழகிக்கொள்கிறேன்.

இன்று ஞாயிறு. நான் கூப்பிட்டேன் என்று இருவரும் ஒரே நேரத்தில் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேத்தி என் பக்கத்தில் இருக்கிறாள். எழுதி முடித்துவிட்டு நோட்டை அவள் மடியில் வைத்து இதைத்தான் சொல்லப்போகிறேன்:

"கண்ணு, மொதல்ல இருந்து படி. உங்கப்பனுக்கும் பெரியப்பனுக்கும் கேக்கறாப்பல சத்தமாப் படி. பூப் பொட்டலம் கட்டுன எடம் வந்ததும் நிறுத்தி, நீ ஒருக்கா மனசுக்குள்ள படிச்சுக்க. அப்பறம் மறுக்கா சத்தமாப் படி."