அரைப் பீடி நேரம்

கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒரு பெண் மல்லாந்து படுத்திருக்கிறார். உடம்பு அசையவில்லை. அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கனமான அந்தக் கதவை மூடியிருக்கிறேன். ஆனால் மார்மேல் சேர்த்து வைத்த கைகளில் விரல்கள் மட்டும் ஓயாமல் எதையோ உருட்டுகின்றன, நுனியை மடக்குகின்றன, நூல் சுற்றுகின்றன. அறுபதுகளின் தொடக்கத்தில் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் புற்றுக்குக் கதிர் பாய்ச்சும் கோபால்ட் மிஷினை இயக்கும் வேலை எனக்கு. ஜனங்கள் அதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். முதல் நாள் அந்த விரல்களைப் பார்த்து ஜன்னி கண்டுவிட்டதோ என்று பயந்துபோனேன். நேரம் முடிந்து மணி அடித்ததும் ஓடிப்போய்க் கேட்டால், பேரணாம்பட்டிலிருந்து வந்திருந்த அந்த அக்கா கூச்சத்தோடு சிரித்தார். "தனியா படுத்தினு இருந்தா பேஜாரா இருக்குது சிஸ்டர். அதான் மனசுல பீடி சுத்தறேன்" என்றார். நான் நர்ஸ் இல்லை. வெள்ளைப் புடவை கட்டிய யாரும் அவர்களுக்கு சிஸ்டர்தான்.

நான் நினைத்துக்கொள்வது அந்த அக்காவை மட்டும் அல்ல, கணக்கு சாரையும். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெரிய ஆங்கிலப் பதவிப் பெயர் இருந்தது. எங்கள் வாயில் அவர் கணக்கு சார். எந்த நோயாளிக்கு எத்தனை நிமிஷம் என்று போட்டுத் தருவது அவர் வேலை. தெற்கத்திக்காரர், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் மை ஒழுகிய கறை. நோயாளிகள் பக்கம் வரவே மாட்டார். எதிரே யாராவது வந்தால் தப்புச் செய்தவர் போல ஒதுங்கிப் போவார். கணக்கென்று உட்கார்ந்துவிட்டால் மட்டும் அவரை அசைக்க முடியாது.

மிஷினுக்குள் இருக்கும் கோபால்ட் நாளுக்கு நாள் தேயும். அது தேய்வதில் ஓர் ஒழுங்கு உண்டு. இருப்பது எவ்வளவோ அதற்கு ஏற்ற வேகத்தில் குறையும். நிறைய இருந்தால் நிறையக் குறையும், கொஞ்சம் இருந்தால் கொஞ்சமாகக் குறையும். இந்த ஒரே வாக்கியத்தைத்தான் வகைக்கெழுச் சமன்பாடு என்று எழுதி, தொகையிட்டு, லாகரிதம் டேபிளைப் புரட்டி விடை காண்கிறார்கள். மூன்று மாதத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு போய்விடும். அதற்கு ஈடாக எல்லாருடைய நேரத்தையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும். ஒரு பெருக்கலில் முடிகிற சமாசாரம் இது. ஆனால் கணக்கு சார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுத் தாளை எடுத்து, சமன்பாட்டின் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். "அதான் விடை தெரியுமே சார்" என்று கேலி செய்தால், "விடை தெரியுங்கிறதுக்காக அது எங்கேயிருந்து வந்ததுன்னு மறந்துடலாமாம்மா?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அக்காவுக்குக் கருப்பை வாயில் புற்று. கிட்டத்தட்ட ஆறு வாரச் சிகிச்சை. பாதியைத் தாண்டிய நேரத்தில் கணக்கு சாரின் புது நிமிஷங்கள் வந்தன. நானும் வழக்கம்போல மிஷின் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி வைத்தேன். அன்று மணி அடித்ததும் அக்கா எழுந்திருக்கவில்லை. "இன்னா சிஸ்டர், இன்னிக்கி ஜாஸ்தி வெச்சுட்டீங்க?" என்றார். சில விநாடிகள்தான் கூடியிருந்தன. டாக்டர்களுக்கே தெரிந்திருக்காது. "தினம் மணி அடிக்க சொல்ல சரியா நூலு கட்டி முடிச்சிருப்பேன். இன்னிக்கி அரைப் பீடி ஜாஸ்தி ஓடிச்சு." ஆமாக்கா, இன்றிலிருந்து கொஞ்சம் கூடத்தான் என்று சொல்லி அடுத்தவரை அழைத்தேன். அந்தக் காலத்தில் நோயாளிக்கு அதற்கு மேல் யாரும் எதையும் விளக்கியதில்லை.

வெளியே போன அக்கா, வராந்தாவில் காத்திருந்த குடியாத்தத்து அம்மாவிடம் விசாரித்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு மூன்று நிமிஷம்கூடக் கிடையாது. அதில் கூடியது மூச்சு விடும் நேரம். "எனக்கு ஒண்ணும் கூடலையே" என்று அவர் சொன்னது போதுமானதாக இருந்தது. மறுநாள் அக்கா வரவில்லை. அதற்கடுத்த மூன்று நாளும் இல்லை. குடியாத்தத்து அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். "தனக்கு மட்டும் கூட்டிட்டாங்க, நோவு ஏறிப்போச்சு, இனிமே பொழைக்க மாட்டேன்னு அழுதுனே போய்ட்டா. சாவறதுன்னா புள்ளைங்க மூஞ்சியப் பாத்துனே சாவறேன்னா."

டாக்டரிடம் சொன்னேன், ஆள் அனுப்புவதாகச் சொன்னார். போகிற வழியில் கணக்கு சாரிடமும் சொல்லிவைத்தேன். அவர் பேனாவை மூடவே மறந்துவிட்டார். "நான் கூட்டினதாலயா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "பேரணாம்பட்டுக்கு எந்த பஸ்ஸும்மா?" என்றார். எதிரே நோயாளி வந்தால் ஒதுங்கிப் போகிற மனிதர்! தனியாகப் போனால் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார் என்று நானும் கூடப் போனேன்.

போய்ச் சேர்ந்தபோது அக்கா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நிஜமாகவே பீடி சுற்றிக்கொண்டிருந்தார். தோல் மண்டியில் வேலை பார்க்கும் அவர் புருஷன், குளிக்கக்கூடப் போகாமல் ஒரு மூலையில் குந்தியிருந்தார். கணக்கு சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வகைக்கெழு என்று வாயெடுத்தார். நான் முறைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "மிஷின்ல இருக்கிற மருந்து தேஞ்சுகிட்டே வருதும்மா. அதான் நேரத்தக் கூட்டினேன். எல்லாருக்கும்தான் கூட்டினேன். நீண்ட நேரம் உள்ளவங்களுக்குக் கூடுறது நல்லாத் தெரியும், கொஞ்ச நேரம் உள்ளவங்களுக்குத் தெரியாது."

"தேஞ்சு போன மருந்த வெச்சு எனக்கு இன்னாத்துக்கு வைத்தியம்?" என்றார் அக்கா. நியாயமான கேள்வி. கணக்கு சாருக்கு வேர்த்துவிட்டது. "உங்க உடம்புக்குப் போய்ச் சேர்றது குறையலம்மா. அன்னிக்கும் அவ்வளவுதான், இன்னிக்கும் அவ்வளவுதான். போய்ச் சேரத்தான் நேரம் ஆகுது." அக்கா கையிலிருந்த பீடியைப் பார்த்தார். "கை நோவுற அன்னிக்கி அதே கட்டுக்கு நேரம் ஜாஸ்தி இழுக்கும். அப்டியா?" "அப்படியேதாம்மா" என்றார் சார், உயிர் வந்தவராக.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு அது தெரியாது. "ஆனா நீங்க வராம இருக்கக் கூடாது. மிஷின்ல தேயுறதும் உடம்புல நோவு வளர்றதும் ஒரே கணக்குதாம்மா. அங்க இருக்கிறதுக்குத் தக்கபடி குறையும், இங்க இருக்கிறதுக்குத் தக்கபடி ஏறும். பாதியில விட்டா ஏற ஆரம்பிச்சுடும்." மூலையிலிருந்த புருஷன் தலையைத் தூக்கினார். அக்கா கேட்டார்: "நான் வராத இந்த நாலு நாள்ல எவ்ளோ ஏறிச்சு?"

ஒன்றும் ஏறவில்லை என்று சொல்லுங்கள் சார் என்று என் மனம் அடித்துக்கொண்டது. நானாக இருந்தால் கூசாமல் சொல்லியிருப்பேன். சமன்பாடு ஒன்றேதான் என்றாலும், என்ன வேகத்தில் என்பதற்கு ஓர் எண் வேண்டும். கோபால்ட்டின் எண் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இந்த அக்காவின் உடம்புக்குள் வளர்வதன் எண் எந்தப் புத்தகத்திலும் இல்லை. "தெரியாதும்மா" என்றார் சார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அவ்வளவு கோபம். சாலையோரம் முழுக்கத் தோல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்றத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன். அதற்காக இல்லை, காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது.

மறுநாள் காலை நான் அறையைத் திறக்கும்போது அக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் புருஷன். எப்படி மனசு மாறியது என்று கேட்டேன். "ஏறவே இல்லன்னு சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன் சிஸ்டர். இத்தினி நாளா எல்லாரும் சரியாயிடும் சரியாயிடும்னே சொன்னாங்க. அந்த சார்தான் தெரியாதுன்னாரு. அவரு பொய் சொல்ல மாட்டாரு" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக டாக்டர் சில நாட்களைக் கூட்டி எழுத, சிகிச்சை முடிந்தது. அதன் பிறகு நிமிஷம் மாறும் ஒவ்வொரு தடவையும் கணக்கு சார் வராந்தாவுக்கு வந்து நின்று, "இன்னிக்கு மிஷினுக்குத்தான் வயசு கூடியிருக்கு, உங்க யாருக்கும் நோவு கூடல" என்று காது சிவக்கச் சொல்லிவிட்டு ஓடிப்போவார்.

அந்தப் பழக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அக்கா பரிசோதனைக்கு வர வேண்டிய நாட்களில், கணக்கு சார் என் அறை வாசலில் வந்து நின்று, "வந்தாங்களா?" என்று கேட்பார். வந்தார்கள் என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கொஞ்சம் தாமதமானால் நாலைந்து தடவை வருவார். நாலு நாள் வராத அந்தக் கணக்கு அவர் மண்டையை எப்படிக் குடைந்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நோவு வளரும் வேகத்துக்கு எத்தனையோ எண்களை வைத்துப் போட்டுப் பார்த்ததாக ஒரு தடவை அவரே சொன்னார். சின்ன எண்ணாக வைத்தால் பயமில்லை, பெரிய எண்ணாக வைத்தால் தூக்கம் போகிறது என்றார்.

இப்போது நான் சத்துவாச்சாரியில் ஓய்வாக இருக்கிறேன். அந்த மிஷினும் இல்லை, கணக்கு சாரும் இல்லை. என் பேத்தி வகைக்கெழு படிக்கிறாள். விடை சரியா என்று பின்பக்கம் புரட்டிப் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய புத்தகத்தில் எல்லா எண்ணும் கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது.

அக்காவின் சிகிச்சை முடிந்து ஐந்து வருஷம் கடந்து, மிஷினில் இருந்தது பாதியாகி, எங்கள் நிமிஷங்களெல்லாம் இரட்டிப்பாகிப் புதுக் கோபால்ட்டுக்காகக் காத்திருந்த சமயம் அது. அக்காவைப் பரிசோதித்த டாக்டர், எங்கேயும் ஒன்றும் இல்லை, இனி இவ்வளவு அடிக்கடி வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அக்கா நேரே கணக்கு சாரின் அறைக்குப் போனார், பின்னாலேயே நான். மூத்த மகள் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கி கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லல சார். அந்த நாலு நாள்ல எவ்ளோ ஏறிச்சு?"

கணக்கு சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைப்பதற்குத் துணி தேடி, கிடைக்காமல், மைக்கறைச் சட்டையிலேயே துடைத்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"எனக்குக் கணக்கு வராதும்மா" என்றார்.